ஓர் ஊரின் இரத்தம் சொன்ன வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில், ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊர் உள்ளது. பெரும் போர் எதுவும் அங்கே நடந்ததில்லை. பேரரசர் எவரும் அங்கே பிறந்ததில்லை. தொழிற்சாலைகளும் கடைவீதிகளும் நடுத்தர மக்களின் மரவீடுகளும் நிறைந்த ஊர் அது. 1940களின் இறுதியில் அங்கே சுமார் 28,000 பேர் வாழ்ந்தனர். எனினும் இன்று உலகின் எந்த மூலையில் ஒரு மருத்துவர், ‘உமக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு இவ்வளவு’ என்று நோயாளியிடம் கணக்கிட்டுச் சொன்னாலும், அக்கணக்கின் வேர் அந்த ஊரில் இருக்கிறது எனலாம். புகைப்பவரின் இரத்தத்தில் நிகழும் மாற்றத்தை நாம் அறிந்துகொண்ட வரலாற்றிலும் அவ்வூருக்குத் தனி இடம் உண்டு. அவ்வரலாறு நேர்கோட்டில் செல்வதன்று. பல தலைமுறைகள் கண்ணெதிரே கண்டும் காணாதிருந்த ஓர் உண்மை, சிறிது சிறிதாக வெளிவந்த கதை அது.

முதலில் ஒன்றை நினைவில் இருத்த வேண்டும். சிகரெட் என்பது நாம் நினைப்பது போல் பழமையான பழக்கம் அன்று. புகையிலை பழமையானது, 16-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவை அடைந்துவிட்டது. ஆனால் மூக்குப்பொடியாகவும், வெற்றிலையோடு சேர்ந்த மெல்லும் பொருளாகவும், சுங்கானாகவும், சுருட்டாகவுமே அது நெடுங்காலம் வழங்கியது. 1642-இல் திருத்தந்தை எட்டாம் உர்பான், ஸ்பெயின் நாட்டுச் செவீல் மறைமாவட்ட ஆலயங்களில் புகையிலை பயன்படுத்துவோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என ஆணையிட்டதை வாசகர் சிலர் அறிந்திருக்கக்கூடும். அந்த ஆணை உடல்நலத்தைக் கருதியது அன்று. திருப்பலி வேளையின் தூய்மையைக் கருதியது. பிறகு 1725-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்ட் அத்தகைய தடையை நீக்கினார். அக்காலத்தில் இதயத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. பேசுவதற்கு அடிப்படையும் இல்லை.

சிகரெட்டை மக்கள் பழக்கமாக்கியது ஓர் இயந்திரம். வர்ஜீனியா மாநில இளைஞர் ஜேம்ஸ் பான்சாக் 1880களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற சுருட்டும் இயந்திரம், ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிகரெட்டுகளைச் செய்தது. கையால் சுருட்டுவோர் ஒருவர் நாள் முழுதும் உழைத்தாலும் சில ஆயிரமே செய்ய இயலும். ஜேம்ஸ் டியூக் என்னும் வணிகர் அவ்வியந்திரத்தை வாங்கி, விலையைக் குறைத்து, விளம்பரத்தைப் பெருக்கினார். சுருட்டின் புகையை வாயோடு நிறுத்திக்கொண்டவர்கள் பலர். சிகரெட்டின் மென்மையான புகையோ நுரையீரலின் ஆழம் வரை இழுக்கப்பட்டது. இரு உலகப் போர்களும் வந்தன. போர்வீரனின் உணவுப் பொட்டலத்தில் ரொட்டியோடு சிகரெட்டும் வைக்கப்பட்டது. பதுங்குகுழியில் பழகியவன் வீடு திரும்பியும் விடவில்லை.

அதே பல்லாண்டுகளில் மாரடைப்பும் பெருகியது. இரண்டும் ஒருசேரப் பெருகியதைக் கண்டவர்கள் இரண்டையும் தொடர்புபடுத்தவில்லை. காரணம், இதயநோய் முதுமையின் இயல்பான விளைவு எனப் பெரும்பாலான மருத்துவரே நம்பினர். இரத்த அழுத்தம் வயதோடு உயர்வது உடலின் தேவை எனவும் கருதப்பட்டது. குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வாழ்வு இதற்குச் சான்று. நீண்ட பிடியில் செருகிய சிகரெட் இல்லாமல் அவரது உருவத்தை நினைவுகூர்வதே அரிது. 1944 மார்ச் மாதத்தில் இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூன் அவரைப் பரிசோதித்தபோது இரத்த அழுத்தம் 186/108 எனக் காட்டியது, இதயம் தளர்ந்திருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று, அழுத்தம் 300-ஐத் தாண்டிய நிலையில், மூளையில் இரத்தம் கசிந்து அவர் மறைந்தார். அவருக்கு வயது 63. உலகப் போரை வழிநடத்திய ஒருவரைக் காப்பதற்கு அன்றைய மருத்துவத்திடம் ஓய்வும் உப்புக் குறைப்பும் ஒன்றிரண்டு மருந்துகளும் தவிர வேறு எதுவும் இல்லை.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1948 ஜூன் 16 அன்று, குடியரசுத் தலைவர் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவ்வாண்டே ஃபிரேமிங்ஹாம் ஆய்வு தொடங்கியது. அவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஒரு முன்கதை உண்டு. 1917 முதல் அங்கே காசநோய் பற்றிய சமூக ஆய்வொன்று நடந்திருந்தது. மருத்துவ ஆய்வுக்கு உடன்படும் பழக்கம் மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. இம்முறை கேட்கப்பட்டது வேறு வகையான உடன்பாடு. நோயாளிகள் வேண்டாம், நலமாக இருப்போரே வேண்டும். ஈராண்டுக்கு ஒருமுறை வந்து, இரத்தம் கொடுத்து, உடலைக் காட்டி, வாழ்க்கைப் பழக்கங்களை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஊதியமும் இல்லை, சிகிச்சையும் இல்லை. பரிசோதனை முடிவு அவரவர் குடும்ப மருத்துவருக்கு அனுப்பப்படும், அவ்வளவே. யார் எப்போது மாரடைப்பில் வீழ்கிறார்கள் என்பதைப் பல்லாண்டுகள் காத்திருந்து குறிப்பதே ஆய்வின் நோக்கம். இதை அறிந்தே மக்கள் சம்மதித்தனர்.

சம்மதிக்க வைப்பதும் எளிதாக இல்லை. சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் 6,507 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வந்தவர் 4,469 பேர். மீதியைத் தாமாக முன்வந்த 740 பேர் நிரப்பினர். ஆக 5,209 பேர்: ஆண்கள் 2,336, பெண்கள் 2,873. இதயநோய் ஆண்களின் நோய் என்றே எண்ணப்பட்ட அந்நாளில் பெண்களைப் பாதிக்கு மேல் சேர்த்தது பெருந்துணிவு. ஊரார் சிலர் வீடு வீடாகச் சென்று அண்டை அயலாரை அழைத்து வந்தனர். தாமஸ் டாபர் என்னும் மருத்துவர் தொடக்க ஆண்டுகளிலேயே தலைமையேற்று 1966 வரை அதை நடத்தினார். பட்டியலில் புகைப்பழக்கம் பற்றிய கேள்வியும் இருந்தது.

அது நிற்க. ஃபிரேமிங்ஹாம் பேசத் தொடங்குமுன் வேறிடங்களில் ஒன்றிரண்டு குரல்கள் எழுந்தன. 1940-இல் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மூவர், புகைப்போரிடையே இதயத் தமனி நோய் மிகுதி, அதுவும் 60 வயதுக்கு உட்பட்டோரிடம் மிகத் தெளிவு, எனக் கட்டுரை வெளியிட்டனர். அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1950-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டாலும் பிராட்போர்ட் ஹில்லும் நுரையீரல் புற்றுநோயைச் சிகரெட்டோடு தொடர்புபடுத்தியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் எல்லாரும் நுரையீரலையே பார்த்தனர். அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தைச் சேர்ந்த ஹாமண்ட், ஹார்ன் என்னும் இருவரும் அவ்வாறே தொடங்கினர். 22,000 தொண்டர்களின் உதவியோடு, 50 முதல் 69 வயது வரையுள்ள 1,87,783 ஆண்களை 1952 முதல் பின்தொடர்ந்தனர். 1958-இல் முழுக் கணக்கு வந்தபோது, புகைப்போரிடையே நிகழ்ந்த மிகைச் சாவுகளில் நுரையீரல் புற்றுநோயின் பங்கு 13.5 விழுக்காடு, இதயத் தமனி நோயின் பங்கோ 52.1 விழுக்காடு. புற்றுநோயைத் தேடிப் போனவர்கள் இதயநோயைக் கண்டுகொண்டு திரும்பினர். இம்முடிவு மக்கள் மனத்தில் இன்றும் முழுமையாகப் பதியவில்லை என்பது என் எண்ணம். சிகரெட் பெட்டியின் படத்தைக் கண்டு நம்மவர் அஞ்சுவது தொண்டைக்கும் நுரையீரலுக்குமே. நெஞ்சுக்காக அஞ்சுவோர் சிலரே.

ஃபிரேமிங்ஹாமிலும் புகையின் தடம் உடனே தெரியவில்லை. முதல் நான்காண்டுக் கணக்கில் உயர் இரத்த அழுத்தமும் உயர்ந்த கொலஸ்ட்ராலும் தெளிவாக நின்றன. சிகரெட் தெளிவாக நிற்கவில்லை. சாவுகள் இன்னும் போதிய அளவில் சேரவில்லை என்பதே காரணம். இத்தகைய ஆய்வின் துயரம் அது: உண்மை தெரிய வேண்டுமெனில், பெயர் தெரிந்த அண்டை வீட்டார் சிலர் இறக்க வேண்டும். 1962-இல், நியூயார்க் மாநில அரசு ஊழியரிடம் ஆல்பனி நகரில் நடந்த ஆய்வோடு தன் கணக்கைச் சேர்த்து வெளியிட்டபோது ஐயம் அகன்றது. சிகரெட் புகைப்போரிடையே மாரடைப்பும் சாவும் மிகுதி. புகைப்பதை விட்டுவிட்டவரின் நிலையோ ஒருபோதும் புகைக்காதவரின் நிலையை ஒத்திருந்தது. ஓராண்டு முன்பாக, 1961-இல், வில்லியம் கானல் உள்ளிட்ட அவ்வாய்வாளர்கள் எழுதிய கட்டுரையின் வழியாகவே ‘அபாயக் காரணி’ என்னும் கருத்து மருத்துவ வழக்கில் ஊன்றியது. இன்று அது தேநீர்க்கடைப் பேச்சிலும் புழங்குகிறது.

1964 ஜனவரி 11, சனிக்கிழமை. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி தம் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். பங்குச் சந்தை கலங்கக்கூடாது என்பதற்காகவே விடுமுறை நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட் காரணம் என அறிக்கை ஐயமின்றிக் கூறியது. இதயத்தைப் பற்றியோ தயங்கியே பேசியது: புகைக்கும் ஆண்களிடம் இதயத் தமனி நோயால் சாவு கூடுதல், ஆனால் சிகரெட்தான் காரணமா என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அத்தயக்கம் முற்றும் நீங்க மேலும் 19 ஆண்டுகள் ஆயின. 1983-இல் அதே பதவியில் இருந்த எவரெட் கூப், முழு அறிக்கையையும் இதயநோய்க்கே ஒதுக்கி, மாற்றக்கூடிய காரணங்களுள் சிகரெட்டே தலையாயது என அறிவித்தார்.

இனி இரத்தக் கொழுப்புக்கு வருவோம். கொலஸ்ட்ரால் என்னும் பெயர் பித்தம், திண்மை என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. பித்தக்கல்லில் கண்ட பொருளுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு வேதியியலார் செவ்ரெல் இட்ட பெயர் அது. 1910-இல் ஜெர்மானியர் அடோல்ப் விண்டாவுஸ், தடித்துப்போன தமனிச் சுவரில் இயல்பைவிடப் பன்மடங்கு கொலஸ்ட்ரால் படிந்திருப்பதைக் கண்டார். 1913-இல் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவ் என்னும் இளைஞர், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்கு ஊட்டி, அவற்றின் தமனிகளில் அதே படிவை உண்டாக்கினார். கொழுப்பு தண்ணீரில் கரையாது. ஆகவே புரதம் சேர்ந்த சிறு பொட்டலங்களாகவே அது இரத்தத்தில் பயணம் செய்கிறது. 1950 அளவில் கலிபோர்னியாவில் ஜான் காப்மன், மிகுவிரைவில் சுழலும் கருவியால் இப்பொட்டலங்களைத் தரம் பிரித்தார். அடர்த்தி குறைந்தது எல்.டி.எல்.; இது கொழுப்பைத் தமனிச் சுவருக்குக் கொண்டுசேர்ப்பது. அடர்த்தி மிகுந்தது எச்.டி.எல்.; இது அங்கிருந்து கல்லீரலுக்கு மீட்டுக்கொண்டு வருவது. கெட்ட கொழுப்பு, நல்ல கொழுப்பு என நம் பரிசோதனைக் கூடங்களில் சொல்வது இவ்விரண்டையே.

மீண்டும் ஃபிரேமிங்ஹாம். 1970களின் தொடக்கத்தில் அரசு உதவி சுருங்கி ஆய்வே நின்றுவிடும் நிலை வந்தபோது, ஓய்வு பெற்றிருந்த டாபர் தனியாரிடம் நிதி திரட்டி அதைக் காத்தார். 1971 முதல், முதல் தலைமுறையின் பிள்ளைகளும் அவர்களின் வாழ்க்கைத் துணைவரும் சேர்க்கப்பட்டனர். 1977-இல், எச்.டி.எல். மிகுந்தவரின் இதயம் காக்கப்படுகிறது என அவ்வாய்வு கூறிற்று. அடுத்த ஆண்டே பிள்ளைகளின் இரத்தத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. சிகரெட் புகைக்கும் ஆண்களிடம் எச்.டி.எல். ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 4 மில்லிகிராமும், பெண்களிடம் ஏறத்தாழ 6 மில்லிகிராமும் குறைந்திருந்தது. பெண்ணுக்கு இயற்கை அளித்த காப்பு ஆணைவிடக் கூடுதல். சிகரெட் அதையே கூடுதலாகப் பறித்தது. 1989-இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், புகைப்போரிடம் மொத்தக் கொலஸ்ட்ரால் 3 விழுக்காடும், எல்.டி.எல். 1.7 விழுக்காடும், ட்ரைகிளிசரைடு 9.1 விழுக்காடும் கூடியிருப்பதையும், எச்.டி.எல். 5.7 விழுக்காடு குறைந்திருப்பதையும் கண்டனர். சிகரெட்டின் எண்ணிக்கை கூடக்கூட மாற்றமும் கூடியது.

இது எவ்வாறு நிகழ்கிறது? நிகோடின் இரத்தத்தில் கலந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ போராடவோ வேண்டியது போல் உடல் தன் கொழுப்புச் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. ஓட்டமும் இல்லை, போராட்டமும் இல்லை. வெளிவந்த கொழுப்பைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி மீண்டும் இரத்தத்தில் விடுகிறது. எச்.டி.எல். முதிர்ச்சி பெற உதவும் நொதியின் செயல் புகையால் தளர்கிறது. எல்லாவற்றிலும் தீயது, புகையிலுள்ள வேதிப்பொருள்கள் எல்.டி.எல்.-ஐ ஆக்சிஜனேற்றம் செய்வது. அவ்வாறு கெட்டுப்போன கொழுப்பே தமனிச் சுவரில் எளிதாகத் தங்கிப் புண்ணாகிறது. அளவைக் காட்டும் பரிசோதனைத் தாள் இந்தக் கெடுதியைக் காட்டுவதில்லை.

‘என் கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது, ஆகவே சிகரெட்டால் எனக்குக் கேடில்லை’ என்று சான்றிதழைப் போல அத்தாளை நீட்டும் அன்பர்களை நான் கண்டிருக்கிறேன். மேற்சொன்ன எண்களையே பாருங்கள். 4 மில்லிகிராம், 5.7 விழுக்காடு: இவை சிறிய மாற்றங்கள். இவ்வளவு சிறிய மாற்றம் மட்டுமே அவ்வளவு மாரடைப்புகளுக்கும் காரணம் ஆக முடியாது. கொழுப்பைப் பழுதாக்குவது சிகரெட் செய்யும் பல வேலைகளில் ஒன்று மட்டுமே. அது தமனியின் உட்சுவரை விறைப்பாக்குகிறது. இரத்தத் தட்டணுக்களை ஒட்டும் தன்மையுடையனவாக்குகிறது. கட்டி உறையச் செய்யும் பைப்ரினோஜனைக் கூட்டுகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. இதயம் விரைந்து துடிக்கும்படி நிகோடின் தூண்டும் அதே வேளையில், அதற்கு வேண்டிய ஆக்சிஜன் குறைந்துபோகிறது. தமனியில் படிவு சிறிதாக இருப்பினும், அதன்மேல் திடீரென உறையும் ஒரு கட்டி போதும்.

நல்ல கொழுப்பின் எண்ணை மட்டும் உயர்த்தினால் இதயம் தப்பிவிடும் என மருத்துவ உலகமே ஒருமுறை நம்பியது. டார்செட்ராபிப் என்னும் மருந்து எச்.டி.எல்.-ஐ 72 விழுக்காடு உயர்த்தியது. 15,067 பேரிடம் நடந்த சோதனையில், அம்மருந்தை உண்டவரிடையே சாவுகள் கூடியதால் 2006 டிசம்பரில் அதை நிறுத்த நேர்ந்தது. எண் உயர்ந்தது, உயிர் நீளவில்லை. எச்.டி.எல். குறைவது புகையின் பாதிப்பைக் காட்டும் அடையாளம். அந்த அடையாளத்தை மட்டும் திருத்துவதால் பாதிப்பு நீங்கிவிடாது. சிகரெட்டை விடுவதன் பயனையும் இந்த எண்ணால் மட்டும் அளக்க முயல்வது பிழை. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சிகரெட்டை விட்டவர்களுக்கு ஓராண்டில், உடல் எடை கூடியபோதிலும், எச்.டி.எல். சராசரியாக 2.4 மில்லிகிராம் உயர்ந்தது, எல்.டி.எல். மாறவே இல்லை. சிறிய பலன் எனத் தோன்றலாம். ஆனால் விட்ட ஓராண்டிலேயே இதயநோயின் மிகை அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. கொலஸ்ட்ரால் தாளில் தென்படாத நன்மையே பெரிது.

ஃபிரேமிங்ஹாமுக்கு ஒரு குறையும் உண்டு. முதல் தலைமுறையில் ஏறத்தாழ அனைவரும் ஐரோப்பிய வழிவந்தோர். 1994-இல்தான் பிற இனத்தார் 507 பேர் தனிக்குழுவாகச் சேர்க்கப்பட்டனர். அவ்வூரின் கணக்கு நமக்கும் பொருந்துமா என்னும் கேள்விக்கு விடை தந்தவர்களுள் முதன்மையானவர், பெங்களூர் தூய யோவான் மருத்துவக் கல்லூரியில் பயின்ற சலீம் யூசுப். கனடாவிலிருந்து அவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-இல் வெளியானது. முதல் மாரடைப்பு கண்ட ஏறத்தாழ 15,000 பேரை, அது காணாத ஏறத்தாழ அதே அளவினரோடு ஒப்பிட்டது. எல்லா நாட்டிலும் இரு காரணங்கள் முன்னின்றன: கொழுப்புப் புரதங்களின் சீர்கேடு, புகைப்பழக்கம். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. பிற நாட்டாரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முந்தியது. அதே ஆய்வு பீடியையும் தனியே நோக்கியது. பீடி மட்டும் புகைப்பவரின் அபாயம், புகைக்காதவரைப் போல் ஏறத்தாழ 2.9 மடங்கு, சிகரெட்டுக்குக் குறைந்ததன்று. இலையில் சுற்றியதால் அது இயற்கையானது என்னும் நம் ஊர் வாதத்துக்கு அதில் இடமில்லை.

‘நாளுக்கு ஒன்றுதான்’ என்போருக்கும் 2018-இல் விடை கிடைத்தது. 141 ஆய்வுகளைத் தொகுத்த இங்கிலாந்து அறிஞர்கள், நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், 20 புகைப்பவருக்குள்ள மிகை இதய அபாயத்தில் ஏறத்தாழப் பாதி உண்டு எனக் கண்டனர். புற்றுநோயில் அளவுக்கேற்ப அபாயம் ஏறும். இதயத்தில் முதல் சிகரெட்டே பெரும்படி ஏறிவிடுகிறது. தட்டணுக்கள் ஒட்டத் தொடங்குவதற்குச் சிறிதளவு புகையே போதும் என்பதை இதனோடு சேர்த்து எண்ணலாம்.

1962-இல் ஃபிரேமிங்ஹாம் தந்த நம்பிக்கையை, அதாவது விட்டவர் புகைக்காதவரை ஒத்திருப்பார் என்பதை, அவ்வூரின் கணக்கே பிற்காலத்தில் திருத்தியது. முதல் தலைமுறையும் அவர்களின் பிள்ளைகளுமாக 8,770 பேரைக் கொண்டு 2019-இல் வெளியான கட்டுரை அது. நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுகளோ அதற்கு இணையாகவோ புகைத்தவர், விட்ட ஐந்தாண்டுக்குள், தொடர்ந்து புகைப்பவரைவிட 39 விழுக்காடு குறைந்த அபாயத்தை அடைகிறார். ஆயினும் ஒருபோதும் புகைக்காதவரின் நிலையை அடைய அவருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் போதாமல், 25 ஆண்டுகள் வரை செல்லக்கூடும். இதைக் கண்டுரைப்பதற்கு எத்தனை ஆண்டு பொறுமை வேண்டியிருந்தது! 2002 முதல் பேரப்பிள்ளைகள் 4,095 பேர் மூன்றாம் தலைமுறையாகச் சேர்ந்துள்ளனர். தாத்தா பாட்டி கை நீட்டி இரத்தம் கொடுத்த அதே ஆய்வுக்கு அவர்களும் வந்து, புகைப்பதுண்டா, எத்தனை, எப்போது விட்டீர்கள் என்னும் அதே கேள்விகளுக்கு விடையளித்துள்ளனர்.